போர்க்குணம் வேறு, போர்வெறி வேறு

கேள்வி இதுதான். நம் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர், கூலி உயர்வு கேட்டுத் தங்கள் சங்கம் போடவிருக்கும் துண்டறிக்கையை எழுதியிருக்கிறார். "போர்க்குணம் மிக்க தோட்டத் தொழிலாளர்களே!" என்று அது தொடங்குகிறது. வெலிங்டனில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற அவருடைய சித்தப்பா அதைப் படித்துவிட்டு, "போரைப் பற்றித் தெரிந்தவன் இந்தச் சொல்லை இப்படிப் போட மாட்டான். அடிதடிக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, எடுத்துவிடு" என்று சொல்லியிருக்கிறார். இலங்கையிலிருந்து வந்த பாட்டிக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை. போர்க்குணமும் போர்வெறியும் ஒன்றா, துண்டறிக்கையில் அந்தச் சொல் இருக்கலாமா என்று தம்பி கேட்கிறார்.

தம்பி, இரண்டும் ஒன்றில்லை. இன்றைய தமிழில் போர்க்குணம் என்பது பாராட்டு, போர்வெறி என்பது கண்டனம். உங்கள் துண்டறிக்கையில் அந்தச் சொல் இருக்கலாம். ஆனால் சித்தப்பாவும் பாட்டியும் முகம் சுளித்ததற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் இருவரும் போரின் பக்கத்தில் வாழ்ந்தவர்கள். அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் சொல்லைச் சரியான இடத்தில் வைக்க முடியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு சொல்லின் பொருளை அறிய, அது எந்தச் சொற்களோடு கூட்டுச் சேர்கிறது என்று பார்ப்பது நல்ல வழி. போர்க்குணம் 'மிக்கவர்', 'படைத்தவர்', 'வாய்ந்தவர்', 'குன்றாதவர்' என்று எழுதுகிறோம். வெறி என்று வந்தால் 'பிடித்தவர்', 'தலைக்கேறியவர்', 'ஊட்டுகிறவர்', 'கிளப்பிவிடுகிறவர்' என்று எழுதுகிறோம். 'போர்க்குணம் பிடித்த தொழிலாளி' என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. 'போர்வெறி வாய்ந்த தலைவர்' என்று எழுதினால் காதில் உறுத்தும். குணம் ஒருவருக்குள்ளேயே இருப்பது, பழக்கத்தால் வளர்வது. வெறி வந்து பிடிப்பது, பிடித்தவரைத் தன் வசத்தில் இல்லாமல் ஆக்குவது. சங்க காலத்தில் முருகனுக்காக வேலன் ஆவேசம் கொண்டு ஆடியதை வெறியாட்டு என்றார்கள். அந்தப் பழைய பொருளில் இழிவு இல்லை, ஆனால் ஆடுகிறவர் தன்னிலையில் இல்லை என்பது அப்போதே அந்தச் சொல்லில் இருந்தது. சாதிவெறி, மதவெறி, இனவெறி, பணவெறி, கொலைவெறி எல்லாவற்றிலும் அதுதான் தொடர்கிறது. இப்போது பிள்ளைகள் 'வெறித்தனமா படிக்கிறான்' என்று பாராட்டாகவே சொல்கிறார்கள். அது பேச்சில் வந்த புது வழக்கு. போர்வெறி என்ற கூட்டுச்சொல்லை அது இன்னும் தொடவில்லை.

அடுத்து, இந்தச் சொற்கள் யார்மேல் சொல்லப்படுகின்றன என்று பாருங்கள். போர்க்குணம் பெரும்பாலும் வலிமை குறைந்தவர்கள் வலிமை மிகுந்தவர்களை எதிர்த்து நிற்கும்போது வருகிறது. தொழிலாளர், விவசாயிகள், மாணவர்கள், தண்ணீர் கேட்டுக் குடத்தோடு சாலையில் உட்காரும் பெண்கள். நம் மலையில் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டுச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தால், 'போர்க்குணத்தோடு நடந்த உண்ணாவிரதம்' என்று எழுதலாம். படிக்கிற யாரும் ஆயுதத்தை நினைக்க மாட்டார்கள். பட்டினி கிடக்கிறவர்களிடம் போர்க்குணம் இருக்கலாம் என்பதைத் தமிழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. போர்வெறி ஆட்சியாளர்கள்மேல், அரசுகள்மேல், பாதுகாப்பான அறையில் உட்கார்ந்துகொண்டு 'அடி, நொறுக்கு' என்று கத்துகிறவர்கள்மேல் சொல்லப்படுகிறது. ஒரு நாட்டு அரசு அண்டை நாட்டை மிரட்டினால் அதைப் 'போர்க்குணம்' என்று எழுதும் மொழிபெயர்ப்புச் செய்திகளை நான் பார்த்திருக்கிறேன். அது பிழை. மிரட்டுகிறவருக்கு அறியாமலேயே பாராட்டுப் பத்திரம் கொடுப்பதாகிவிடும்.

சித்தப்பாவின் சங்கடம் இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். தொழிற்சங்க மேடையில் 'மிலிட்டன்ட்' என்று ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் 'போர்க்குணம் மிக்க' என்று சொல்லிப் பழகிவிட்டோம். விட்டுக்கொடுக்காமல் போராடும் சங்கம் என்பது அதன் பொருள். பட்டாளத்தில் அதே 'மிலிட்டன்ட்' என்ற சொல்லுக்குத் துப்பாக்கியோடு வருகிற தீவிரவாதி என்று பொருள். எல்லைப் பகுதியில் பணி செய்தவருக்கு அந்தச் சொல் எந்த முகத்தை நினைவூட்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆங்கிலம் ஒரே சொல்லில் சேர்த்து வைத்ததைத் தமிழ் 'போர்க்குணம்', 'தீவிரவாதம்' என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு நமக்கு ஒரு வசதி. அதைக் கலைக்காமல் காப்பாற்ற வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமென்ட்டின் போர் முழக்கம் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது. சித்தப்பா அந்தப் படைப்பிரிவில் இருந்திருந்தால் அந்த முழக்கத்தை அடித்தொண்டையிலிருந்து எழுப்பியிருப்பார். அதில் கொல்லு என்றால் கொல்லுதான், வேறு பொருள் கிடையாது. மேடைத் தமிழில் போர் என்பது பெரும்பாலும் உருவகம். அவர் வாழ்க்கையில் அது உருவகமாக இருந்ததே இல்லை. அந்த வேறுபாட்டை மதித்தே அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இனி இந்தப் பிரிவு எவ்வளவு பழையது என்று சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று பெருமிதம், இன்னொன்று வெகுளி. பெருமிதம் நான்கு காரணங்களால் பிறக்கும்: கல்வி, தறுகண், புகழ், கொடை. தறுகண் என்றால் அஞ்சாமை, எதிரே எது நின்றாலும் கண் இமைக்காத துணிவு. இந்தப் போர்க்களத் துணிவைத் தொல்காப்பியர் கோபத்தோடு சேர்க்கவில்லை. கல்வியோடும் கொடையோடும் ஒரே வரிசையில் உட்கார வைத்திருக்கிறார். கோபம் வேறு சூத்திரத்தில் வருகிறது. உறுப்பை வெட்டுதல், குடியைக் கெடுத்தல், அலைத்துத் துன்புறுத்துதல், கொலை ஆகியவற்றால் வரும் வெறுப்பிலிருந்து வெகுளி பிறக்கும் என்கிறார். துணிவு ஒரு பெட்டியில், சினம் இன்னொரு பெட்டியில். இன்று நாம் போர்க்குணம் என்று பாராட்டுவது அந்தத் தறுகண்ணின் வழியில் வந்தது என்பது என் கருத்து.

போரைத் திணை திணையாக வகுக்கும் புறத்திணையியலிலும் இதே நுட்பம் இருக்கிறது. "வெட்சி தானே குறிஞ்சியது புறனே" என்று தொடங்கி, மலைநிலமான குறிஞ்சிக்குப் புறமாக ஆநிரை கவரும் வெட்சியை வைக்கிறார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கும் மலையில் இருக்கிற நமக்கு இந்த வரி கொஞ்சம் நெருக்கமானதுதான். அப்புறம் வஞ்சித்திணை. அங்கே மண்ணாசை கொண்ட வேந்தனை "எஞ்சா மண்நசை வேந்தன்" என்கிறார். தீராத மண்ணாசை. போர்வெறிக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் இன்று எழுதினாலும் கிடைக்காது. தும்பைத் திணையில் வருகிறவன் வேறு. மண் கேட்டு வரவில்லை, தன் வலிமையே பொருளாக வருகிறான். படையெடுப்பு என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாமல், எதற்காக வந்தான் என்று கேட்டுத் திணையைப் பிரித்திருக்கிறார்கள்.

திருக்குறளில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: இகல். மாறுபாடு, பகைமனம் என்று உரை எழுதுவார்கள். அந்தப் பெயரில் ஓர் அதிகாரமே உண்டு. அதில் ஒரு குறள்:

"இகலின் மிகலினிது என்பவன் வாழ்க்கை
தவலும் கெடலும் நணித்து."

மாறுபாட்டில் மிஞ்சி நிற்பதே இனிது என்கிறவனுடைய வாழ்க்கை பிழைபட்டு அழிவது பக்கத்திலேயே இருக்கிறது என்கிறார். 'இனிது' என்பதைக் கவனியுங்கள். சண்டை தவிர்க்க முடியாமல் வந்தது என்று சொல்கிறவனை வள்ளுவர் இங்கே பேசவில்லை. சண்டையை ருசிக்கிறவனைப் பேசுகிறார். ருசி வந்துவிட்டால் அது போர்வெறி. அதே வள்ளுவர் படைச்செருக்கு என்று ஓர் அதிகாரம் எழுதி வீரத்தைப் புகழவும் செய்கிறார். அங்கேயும் "பேராண்மை என்ப தறுகண்" என்று சொல்லிவிட்டு உடனே, பகைவனுக்கு ஒரு துன்பம் வந்தால் அவனுக்கு உதவுவதுதான் அந்த ஆண்மையின் கூர்மை என்று சேர்க்கிறார். வீழ்ந்தவனைக் கண்டு கை நீளுகிறதா, கால் நீளுகிறதா என்று பார்த்தால் குணமா வெறியா என்று தெரிந்துவிடும்.

உங்கள் துண்டறிக்கைக்கு நேரடியாக உதவக்கூடிய காட்சி புறநானூற்றின் 45ஆம் பாட்டில் இருக்கிறது. சோழர் குலத்து நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒருவரோடு ஒருவர் போருக்கு நிற்கிறார்கள். நெடுங்கிள்ளி உறையூருக்குள் அடைபட்டிருக்க, நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான். கோவூர் கிழார் நடுவில் நின்று, எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் இல்லை, வேப்பம்பூச் சூடிய பாண்டியனும் இல்லை, உன் கண்ணியும், அதாவது தலைமாலையும், சோழர் பூவான ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்கிறார். "ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே" என்று முடிச்சுப் போடுகிறார். உங்களில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். இரண்டு பக்கமும் படை நிற்கும்போது, கையில் ஆயுதம் இல்லாமல் இரண்டு மன்னர்களையும் பார்த்து இப்படிச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அந்தக் களத்தில் போர்க்குணம் யாரிடம் இருந்தது என்று என்னைக் கேட்டால் புலவரிடம் என்பேன். மன்னர்களிடம் இருந்தது இகல்.

போர்வெறியைக் குறிக்க வெளிநாட்டிலும் தனிச் சொற்கள் பிறந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கதை தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. 1877-78இல் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர் நடந்தபோது, பிரிட்டன் துருக்கிக்கு ஆதரவாகப் போரில் இறங்க வேண்டும் என்று லண்டனில் ஒரு கூட்டம் கிளம்பியது. கேளிக்கை அரங்குகளில் ஒரு பாட்டு பிரபலமானது. எங்களுக்குச் சண்டை போட ஆசையில்லை, ஆனால் 'ஜிங்கோ' மேல் ஆணை, போட்டோமென்றால் கப்பலும் ஆளும் பணமும் எங்களிடம் இருக்கிறது என்று போகும் அது. அதைப் பாடித் திரிந்தவர்களை ஜிங்கோக்கள் என்றார்கள். 1878இல் அரசியல் பேச்சில் நுழைந்த அந்தப் பெயரிலிருந்து 'ஜிங்கோயிசம்' வந்தது. 'ஆசையில்லை, ஆனால்' என்று தொடங்குவதும், ஆளும் பணமும் பற்றிப் பெருமை அடிப்பதும் இன்றுவரை மாறவில்லை. பாடியவர்களில் பெரும்பாலோர் போருக்குப் போகப் போகிறவர்கள் இல்லை என்பதும் மாறவில்லை. நம் பேச்சுத் தமிழில் இதற்கு 'வீராப்பு' என்ற நல்ல சொல் இருக்கிறது. 'வாய்ச்சவடால்' இன்னும் ஒரு படி கீழே. தொடை தட்டுவது, மார்தட்டுவது, முண்டா தட்டுவது, மீசையை முறுக்குவது, வரிந்துகட்டிக்கொண்டு நிற்பது என்று உடம்பை வைத்தும் எத்தனை சொல்லாட்சிகள்! போருக்கு முன்னால் நடக்கும் காட்சியைத் தமிழர்கள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள்.

போரைத் தொழிலாகக் கொண்டவர்கள் போர்வெறியர்களாகத்தான் இருப்பார்கள் என்ற எண்ணமும் தவறு. அதற்குச் சான்று நம் மலையிலேயே இருக்கிறது. 1971 போரில் இந்திய ராணுவத் தளபதியாக இருந்த சாம் மானெக்ஷா வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தவர், பின்னாளில் குன்னூரில் குடியேறியவர், 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தவர். அவரை ஊட்டியில் பார்சிகளின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 1971 ஏப்ரலில், கிழக்குப் பாகிஸ்தானுக்குள் உடனே படையை அனுப்ப வேண்டும் என்று அமைச்சரவையில் பேச்சு எழுந்தபோது, தளபதியாக இருந்த அவர் முடியாது என்று சொன்னதாகப் பிற்காலத்தில் அவரே பல மேடைகளில் பேசியிருக்கிறார். படைகள் சிதறிக் கிடக்கின்றன, மழைக்காலம் வருகிறது, தயாராக எனக்குக் காலம் வேண்டும் என்று பிரதமர் முன்னால் சொன்னதாகச் சொல்வார். போர் டிசம்பர் 3இல் தொடங்கி 16இல் முடிந்தது. ஏப்ரலில் 'முடியாது' என்று சொன்னதிலும் டிசம்பரில் களத்தை நடத்தியதிலும் இருந்தது ஒரே குணம்தான். உங்கள் சித்தப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அந்த நிதானத்தைத்தான் போர்க்குணம் என்று நாம் சொல்ல வேண்டும் என்று அவரும் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

இந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பயன்பாடு இருக்கிறது. அதைப் பற்றி எச்சரிக்காமல் போக முடியாது.

1857க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் இந்திய மக்களைப் 'போர்க்குணம் உள்ள இனங்கள்', 'போர்க்குணம் இல்லாத இனங்கள்' என்று பிரித்தார்கள். பஞ்சாபியர், கூர்க்காக்கள், பட்டாணியர் முதல் பட்டியலில். தெற்கத்தியர் இரண்டாவதில். இந்தக் கொள்கையைப் பெரிதாக வளர்த்தவர்களில் ஒருவர் பிரெடெரிக் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதி. அந்த நாளில் கோடைக்காலத்தில் மாகாண நிர்வாகமே உதகமண்டலத்துக்கு ஏறிவிடும். ஆக, மதராஸ் சிப்பாய்கள் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்ற முடிவு நம் மலைக்காற்றையும் சுவாசித்துத்தான் உருவாகியிருக்கிறது. அதே மதராஸ் சிப்பாய்களை வைத்துத்தான் கிழக்கிந்தியக் கும்பினி அதற்கு முன் தென்னாட்டை வென்றது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். மதராஸ் படைப்பிரிவுகளைக் குறைத்துக்கொண்டே வந்து, 1920களில் காலாட்படையில் எஞ்சியவற்றையும் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோது மறுபடியும் ரெஜிமென்ட்டை எழுப்பினார்கள். அப்போது இனம் எங்கே போயிற்று? குணம் எங்கிருந்து வந்தது? அந்த ரெஜிமென்ட்டின் மையம்தான் இன்று வெலிங்டனில் இருக்கிறது. 'போர்க்குணம் இல்லாதவர்கள்' என்று எழுதிவைத்த கணக்குக்கு அந்த அணிவகுப்பு மைதானமே பதில்.

ஒரு பக்கம் சிலரைப் போர் இனம் என்று எழுதிய அதே அரசு, இன்னொரு பக்கம் 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, 1911இல் அதை மதராஸ் மாகாணத்துக்கும் நீட்டியது. பிறப்பிலேயே வீரன், பிறப்பிலேயே குற்றவாளி. இரண்டும் ஒரே சிந்தனை. அதனால்தான், 'எங்கள் சமூகம் இயல்பிலேயே போர்க்குணம் மிக்கது' என்று இன்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு உறுத்துகிறது. பெருமையாகச் சொல்கிறார்கள், ஆனால் அந்தப் பெருமையின் அளவுகோல் வெள்ளைக்காரத் தளபதியுடையது. குணத்தைப் பிறப்போடு கட்டினால், பக்கத்து வீட்டுக்காரன் பிறப்பிலேயே கோழை என்று சொல்லாமல் சொல்கிறோம். சாதிப் பெயரோடு போர்க்குணம் என்ற சொல் சேர்ந்து வரும் இடங்களில் அது போர்வெறிக்குப் பக்கத்தில் போய்விடுகிறது.

நம் மலையின் தோடர்களை எடுத்துக்கொள்ளுங்கள். போர் அவர்கள் வாழ்க்கை முறையில் இல்லை. வில்லும் அம்பும் அவர்களிடம் உண்டு, ஆனால் அது கருவுற்ற பெண்ணுக்கு ஆண் கொடுத்து, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தானே தந்தை என்று ஊரறியச் சொல்லும் சடங்குக்காக. எனக்குத் தெரிந்து வில்லுக்கு இப்படியொரு மென்மையான வேலையைக் கொடுத்தவர்கள் அதிகம் இல்லை. மந்து என்னும் தங்கள் குடியிருப்புக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் உரிமை கேட்டு, வன உரிமைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் பழங்குடி முதியவர்களிடம் போர்க்குணம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

பாட்டியிடம் வருகிறேன். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று எண்ணிக்கையில் பேசியது. வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம், நாம் 'டான்டீ' என்று சொல்வது, தொடங்கியது. பாட்டி எந்த ஆண்டு கப்பல் ஏறினார் என்று நீங்கள் எழுதவில்லை. 1958, 1977, 1983 கலவரங்களில் ஏதாவது ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கலாம், பின்னால் அங்கே நடந்த போரில் உறவுகளை இழந்திருக்கலாம். அங்கே சாதாரணப் பேச்சில் போர் என்பதைவிட 'யுத்தம்', 'சண்டை' என்ற சொற்கள்தான் அதிகம் புழங்குகின்றன. அதை அனுபவித்தவர்களின் காதில் போர் என்று தொடங்கும் எந்தச் சொல்லும் பாராட்டாக விழாது. அதை நாம் திருத்தப் போக வேண்டியதில்லை.

ஆனால் பாட்டியின் மரபிலேயே நீங்கள் சொல்ல நினைத்த போர்க்குணமும் இருக்கிறது. 1940 ஜனவரியில் கண்டிக்கு அருகே முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் காவல்துறை சுட்டு, கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தோட்டத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரைச் சொல்கிறார்கள். சுட்டது ஒரு பக்கம், கூலி கேட்டது ஒரு பக்கம். கூலி கேட்ட பக்கத்துக்குத்தான் தமிழ் போர்க்குணம் என்ற சொல்லைக் கொடுக்கிறது. பாட்டியிடம் இந்தச் சொல்லால் பேசாதீர்கள். 'வைராக்கியம்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார். அந்தச் சொல்லில் பிடிவாதமும் மானமும் பொறுமையும் சேர்ந்தே இருக்கின்றன.

போர் சேர்ந்த மற்ற சொல்லாட்சிகளை விரைவாகப் பார்த்துவிடலாம். 'போர்க்கால அடிப்படையில்' என்பது நமக்கு மழைக்காலச் சொல். மேட்டுப்பாளையம் சாலையிலோ ரயில் பாதையிலோ மண் சரிந்தால் 'போர்க்கால அடிப்படையில் சீரமைப்பு' என்று மறுநாள் பத்திரிகையில் வரும். வேகம் என்பதைத் தவிர அதில் பொருள் ஒன்றும் மிஞ்சவில்லை. 'போர்க்கொடி தூக்கினார்' என்பது கட்சிக்குள் அதிருப்தியாளர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. 'போர் மேகம் சூழ்ந்தது' என்று கேட்டுக் கேட்டு யாருக்கும் பயம் வருவதில்லை, அதுதான் அந்தத் தொடரின் ஆபத்து. 'போராட்டம்' போரிலிருந்து முழுதாகப் பிரிந்து வந்துவிட்டது. போர்க்குணமும் அந்த வழியில் பாதித் தூரம் வந்திருக்கிறது. மீதிப் பாதியில்தான் உங்கள் சித்தப்பா நிற்கிறார்.

சரி, துண்டறிக்கை. 'போர்க்குணம் மிக்க தொழிலாளர்களே' என்று விளியில் வைத்தால் அந்தச் சொல் வெறும் அடைமொழியாகத் தொங்குகிறது. எதற்கான போர், யாரோடு, எந்த வழியில் என்று எதுவும் தெரியாது. அந்த இடைவெளியில்தான் அடிதடி என்ற சந்தேகம் நுழைகிறது. சொல்லை விளியிலிருந்து எடுத்து, கோரிக்கை இருக்கும் வாக்கியத்துக்குள் வையுங்கள். இப்படி எழுதலாம்: "கூலி உயர்வு கிடைக்கும்வரை பின்வாங்காத போர்க்குணத்தோடு, அமைதியாக, சட்டத்தின் வழியில் நிற்போம்." இங்கே போர்க்குணத்துக்கு நோக்கமும் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. விளிக்கு 'உழைப்பால் இந்த மலையைப் பச்சையாக்கிய தோட்டத் தொழிலாளர்களே' போன்ற ஒன்று போதும். நிர்வாகத்தைப் பற்றிப் பேசும் வாக்கியத்தில் 'வெறி' என்ற சொல்லைப் போடாமல் இருப்பது நல்லது. 'லாபவெறி' என்று எழுதக் கை துறுதுறுக்கும். நாளை பேச்சுவார்த்தை மேசையில் எதிரே உட்காரப்போகிறவர்களைப் பித்துப் பிடித்தவர்கள் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால், அவர்கள் சொல்வதைக் கேட்கும் மனநிலை நம் ஆட்களுக்கே வராது.

சித்தப்பாவுக்கு மாற்றுச் சொல் வேண்டுமென்றால் 'நெஞ்சுரம்' இருக்கிறது, 'மனத்திட்பம்' இருக்கிறது. "வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்" என்று வள்ளுவர் சொன்ன அதே திட்பம்தான். ஆனால் தோட்டத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் நின்று வாசிக்கப்போகிற அறிக்கைக்கு மனத்திட்பம் கொஞ்சம் இலக்கியமாகத் தோன்றும். நெஞ்சுரம் பொருந்தும்.

கடைசியாக எழுத்துப்பிழை ஒன்று. உங்கள் வரைவில் இரண்டு இடத்தில் 'போர்குணம்' என்று இருக்கிறது. போர்க்களம், போர்க்கப்பல் போல இதிலும் க் மிகும், 'போர்க்குணம்' என்பதே சரி. 'போர்வெறி'யில் அடுத்து வருவது இடையினமான வகரம் என்பதால் ஒற்று மிகாது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் தலைப்பையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.